விண்டோஸ் மாற்றிய பிறகு கணினி ஊர்கிறதா? கேள்வி பதில்

தஞ்சாவூர் ஆசிரியை: 2018-இல் வாங்கிய லேப்டாப். ஐ5 எட்டாம் தலைமுறை, 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்டு டிஸ்க். விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிகிறது என்றதால் 11-க்கு மாற்றினேன். இப்போது திறந்து வேலை தொடங்க ஏழு நிமிடம் ஆகிறது. புதிது வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர்.

பதில்: வாங்காதீர்கள் அம்மா. விண்டோஸ் 11-க்கு ஏற்றவை என்று மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பட்டியலில் இன்டெலின் எட்டாம் தலைமுறையும் இருக்கிறது. உங்கள் கணினியின் மூளைக்கு, அதாவது சிபியுவுக்கு, ஒன்றும் ஆகவில்லை. சந்தேகம் ஹார்டு டிஸ்கின் மேல்தான்.

நீங்களே பார்த்துவிடலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். சிபியு 10, 15 சதவீதத்தில் சும்மா இருக்க, டிஸ்க் மட்டும் 100-இல் நிற்கிறதா? அதுதான் காரணம்.

அந்தக் காலத்து லேப்டாப்களில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று சுழலும் டிஸ்க்தான் வந்தது. ஒரு சுற்றுக்கு 11 மில்லி நொடி. வேண்டிய தகவல், அதைப் படிக்கும் ஊசிக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். ஊசி நகரும் நேரம் தனி. இரண்டையும் கூட்டினால், சிதறிக் கிடக்கும் தகவலை நொடிக்கு அறுபது எழுபது இடங்களிலிருந்து எடுப்பதே பெரிய விஷயம். விண்டோஸ் 11-இல் வைரஸ் சோதனை, தேடலுக்கான அட்டவணை, அப்டேட் எல்லாம் ஒரே நேரத்தில் அந்த ஒற்றை ஊசியைப் பிடித்து இழுக்கின்றன. எஸ்எஸ்டி என்ற சிப் வகை டிஸ்கில் சுழலும் தட்டு இல்லை. நொடிக்குப் பல்லாயிரம் இடங்களைத் தொடும்.

எனவே எஸ்எஸ்டி போடுங்கள்; ராமை 8 ஜிபி ஆக்குங்கள். இந்த வயதுடைய பல மாடல்களில் எஸ்எஸ்டியைச் செருகும் எம்.2 இடம் காலியாகவே கிடக்கும். பழைய டிஸ்கைக் கழற்றவும் தேவையிராது. சென்ற மாதம் இதே வகை லேப்டாப் ஒன்று என் மேசைக்கு வந்தது. அடிமூடியைத் திறந்தால், விசிறிக்கும் செம்புக் குழாயின் தகடுகளுக்கும் நடுவே தூசு கம்பளித் துணிபோல் படிந்திருந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தேன், ஒரே துண்டாக வந்தது. அதை எடுத்து, காய்ந்துபோன வெப்பப் பசையை மாற்றி, எஸ்எஸ்டி பொருத்தினேன். முன்பு ஆறு நிமிடம் எடுத்தது, அரை நிமிடத்துக்குள் திறந்தது.

எதைத் தொடுவதற்கு முன்பும் உங்கள் கோப்புகளை வெளி டிஸ்கில் நகலெடுத்துவிடுங்கள். டிஸ்கின் தகவலைப் பூட்டும் விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள்.

திருச்சி: மாற்றி இரண்டு நாள்தான் ஆகிறது. பழையபடி 10-க்குத் திரும்ப முடியுமா?

பதில்: பத்து நாளுக்குள் முடியும். செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி. ஆனால் இரண்டு நாள் போதாது. மின்சாரத்தில் செருகி ஓர் இரவு முழுக்க ஓடவிடுங்கள். அட்டவணை போடும் வேலை முடிந்ததும் பல கணினிகள் தெளிந்துவிடும். அதுவரை பழைய விண்டோஸ் கோப்புறையை நீக்காதீர்கள். நீக்கினால் திரும்பும் வழி அடைபடும்.

மதுரை: வேகம் கூட்டும் மென்பொருள் ஒன்றைப் பரிந்துரையுங்கள்.

பதில்: ஒன்றும் வேண்டாம். விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியைத் துடைத்து எந்தக் கணினியும் வேகமானதை நான் பார்த்ததில்லை, கெட்டுப்போனதைப் பார்த்திருக்கிறேன். டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பட்டியலில் தேவையில்லாததை நிறுத்துங்கள், போதும்.

சேலம்: எனக்கும் டிஸ்க் 100 சதவீதம். என்ன செய்வது?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். முதலில் நகல்.

சிவகாசி அச்சகத்தார்: பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கரில் இருபது வருடக் கோப்புகள் இருக்கின்றன, எல்லாம் பழைய தமிழ் எழுத்துருக்கள். விண்டோஸ் 7 கணினியை மாற்றச் சொல்கிறார்கள். பயமாக இருக்கிறது.

கோவை நண்பர் (இடையில்): விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் எல்லாருடைய பிரச்சினையும் இன்றே தீரும். நீங்கள் ஏன் எல்லாரையும் விண்டோஸுக்குள்ளேயே கட்டிப்போடுகிறீர்கள்?

பதில்: கட்டிப்போடவில்லை. என் வீட்டுக் கணினியில் மின்ட்தான் ஓடுகிறது. 4 ஜிபி ராமில் அதன் எக்ஸ்எஃப்சிஇ என்ற எடை குறைந்த பதிப்பு அழகாக ஓடும், தமிழ்99 விசைப்பலகையும் அதில் உண்டு. இணையம், கடிதம், கணக்கு என்று மட்டும் பயன்படுத்துபவருக்கு நானே போட்டுக் கொடுக்கிறேன். ஆனால் கேட்பவர் யார் என்று பாருங்கள்.

கோவை நண்பர்: அச்சகத்தார் ஸ்கிரைபஸ் என்ற இலவச பக்க வடிவமைப்பு மென்பொருளுக்கு மாறலாமே? எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறைக்கு மாற்றும் கருவிகளும் இருக்கின்றனவே.

பதில்: பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தார்கள். அதுவும் ஆளுக்கொரு முறையில். கருவி எழுத்தை மாற்றித்தரும், பக்க அமைப்பை மாற்றித்தராது. ஒரு திருமண அழைப்பிதழின் கொம்பும் காலும் இடம் மாறினால் அச்சகத்தார் யாரிடம் போய்ப் பதில் சொல்வார்? இருபது வருட உழைப்பு அது. நீங்கள் சொல்வது அடுத்த வேலைக்குச் சரி, பழைய வேலைக்குச் சரியில்லை.

அச்சகத்தாரே, அந்தக் கணினியை அப்படியே விடுங்கள். இணைய இணைப்பை மட்டும் துண்டித்துவிடுங்கள். விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. டிஸ்கை முழுமையாக எஸ்எஸ்டிக்கு நகலெடுத்து மாட்டுங்கள், பழைய டிஸ்கைப் பீரோவில் வையுங்கள். மின்னஞ்சலுக்கும் புதிய வேலைக்கும் வேறு கணினி. அதில் கோவை நண்பர் சொல்லும் மின்ட்டே இருக்கட்டும். இரண்டுக்கும் இடையே போகும் பென்டிரைவை ஒவ்வொரு முறையும் சோதியுங்கள்.

கோவை நண்பர்: இதை ஏற்கிறேன். ஆனால் முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

பதில்: ஆம், சொல்லியிருக்க வேண்டும்.

விழுப்புரம் மாணவர்: அண்ணன் படிக்கும்போது வாங்கிய அரசு லேப்டாப், 2 ஜிபி ராம். விண்டோஸ் 11 போடலாமா?

பதில்: கூடாது தம்பி. அதற்குக் குறைந்தபட்சமே 4 ஜிபி ராமும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். தடையைத் தாண்டி ஏற்றும் வழியைக் காட்டும் காணொளிகளை நம்பாதே. ஏறும், ஆனால் ஓடாது. ராம் வாங்கும் முன் உள்ளிருப்பதைக் கழற்றி எழுத்தைப் படி: ராமின் வகை டிடிஆர்3-ஆ, டிடிஆர்3எல்-ஆ என்று. 4 ஜிபி ஆக்கி மின்ட் போடு, படிப்புக்குப் போதும்.

ஈரோடு: ராம் போதுமா, எஸ்எஸ்டி வேண்டுமா?

பதில்: டாஸ்க் மேனேஜரைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். பார்க்காமல் செலவு சொல்ல மாட்டேன்.

கடலூர்: எனக்கும் டிஸ்க் 100.

பதில்: முதல் பதில். நகல் எடுத்தீர்களா?

தஞ்சாவூர் ஆசிரியை (மீண்டும்): நீங்கள் சொன்னபடி பார்த்தேன், டிஸ்க் 100-இல்தான் நிற்கிறது. மகன் டிஸ்கின் நலம் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளைப் போட்டுப் பார்த்தான். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை. சி5 என்ற வரியில் சுழியம் இல்லை, ஏதோ எண் காட்டுகிறது. உள்ளே டிக், டிக் என்று சத்தம். பிழை திருத்தும் கட்டளையை ஓடவிடப் போகிறான்.

பதில்: வேண்டாம், நிறுத்தச் சொல்லுங்கள். சி5 என்பது படிக்க முடியாமல் நிற்கும் பகுதிகளின் எண்ணிக்கை. பிழை திருத்தும் கட்டளை டிஸ்கின் மூலைமுடுக்கெல்லாம் ஊசியை ஓட்டும். சாகக் கிடக்கும் டிஸ்க் அதிலேயே போய்விடும். கணினியை அணைத்து ஆறவிடுங்கள். வெளி டிஸ்க் கைக்கு வந்த பிறகு மட்டும் திறந்து, முதலில் மாணவர் மதிப்பெண்கள், அடுத்து குடும்பப் படங்கள், அதன்பின் மற்றவை என்ற வரிசையில் நகலெடுங்கள். ஒரு கோப்பில் சிக்கினால் அதை விட்டு அடுத்ததற்குப் போங்கள். டிஸ்கே தெரியாமல் போனால் மறுபடி மறுபடி திறந்து பார்க்காமல், தகவல் மீட்பவரிடம் அப்படியே கொண்டுபோங்கள். எஸ்எஸ்டியைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.