வளர்ந்த பெட்டை முயலுக்கு ஆபரேஷன் எப்போது? கேள்வி பதில்

கேள்வி: 4 வயது ஆகிறது, நன்றாக ஓடியாடுகிறாள். இனிமேல் கருத்தடை ஆபரேஷன் தேவையா?

தேவை. ஓடியாடுவதை நம்பாதீர்கள், வலியை மறைப்பது முயலின் பிறவிக்குணம். இந்த ஆபரேஷனில் கருப்பையையே எடுத்துவிடுவார்கள். பெட்டைகளுக்குக் கருப்பைப் புற்றுநோய் சகஜம், 3 வயதுக்கு மேல் ஆபத்து ஏறிக்கொண்டே போகும், அது நுரையீரலுக்கும் பரவும். அதனால் முதலில் மார்பு எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும். சுத்தமாக இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். குண்டாக இருந்தால் மட்டும் உலர்புல்லைக் கூட்டித் தீவனத்தைக் குறைத்து மெதுவாக இளைக்க வையுங்கள். கருப்பையைச் சுற்றிக் கொழுப்பு மண்டிக் கிடந்தால் ரத்தக்குழாயைத் தேடிக் கட்டவே நேரமாகும், அதுவரை மயக்கமும் நீளும். அப்புறம், முயலுக்குச் செய்து பழகிய டாக்டராகப் பாருங்கள். முந்தின இரவு பட்டினி போடச் சொன்னால் வேறு டாக்டரைத் தேடுங்கள். முயலால் வாந்தி எடுக்க முடியாது, வெறும் வயிற்றில் குடல்தான் நின்றுபோகும்.

கேள்வி: ஆபரேஷனுக்கு முன் எத்தனை மணி நேரம் பட்டினி?

மேலே முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: வீட்டில் ஆண் முயலே இல்லை. மார்பு முடியைப் பிடுங்கி மூலையில் குவிக்கிறாள்.

பொய்ச்சினை. வாயின் இரு பக்கமும் மீசை மாதிரி உலர்புல்லைக் கவ்விக்கொண்டு அலைவாளே, அதுவும் இதுதான். பெரும்பாலும் 16 முதல் 18 நாளில் அடங்கிவிடும். மடி வற்றிய பிறகு ஆபரேஷனுக்கு நாள் குறியுங்கள்.

கேள்வி: சிறுநீர் சிவப்பாக வருகிறது.

தின்ற கீரையின் நிறமாகவும் இருக்கலாம். சொட்டுச் சொட்டாக, கட்டியாக வந்தால் ரத்தம். கண்ணால் பார்த்து முடிவு கட்டாமல் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஒரு ஈற்றாவது குட்டி போடட்டுமே, உடம்புக்கு நல்லதுதானே?

இல்லை. குட்டி போட்ட கருப்பையிலும் கட்டி வரும்.

அதே நபர்: கருப்பையை எடுப்பது இயற்கைக்கு விரோதமில்லையா?

காட்டில் பெரும்பாலான முயல்கள் ஒரு வயதையே தாண்டுவதில்லை. வீட்டில் 8, 10 வருடம் வாழ வைக்கிறோம், அந்தக் கூடுதல் வருடங்களில்தான் இந்த நோய் வருகிறது. இயற்கைதான் வேண்டுமென்றால் கூண்டு, தடுப்பூசி, தட்டில் வைக்கும் தீவனம் எல்லாவற்றையும் விடுங்கள்.

அதே நபர்: மயக்கத்திலேயே செத்துப்போனால்?

நியாயமான பயம், நாயைவிட முயலுக்கு அந்த ஆபத்து அதிகம்தான். ஆரோக்கியமாக இருக்கும்போதே செய்யச் சொல்வதும் அதனால்தான். கட்டி வந்த பிறகும் அதே மயக்கம்தானே, அதைத் தாங்க உடம்பில் தெம்புதான் இருக்காது.

கேள்வி: நேற்று மாலை ஆபரேஷன். பட்டினி போட்டுத்தான் கொண்டுபோனோம். இன்னும் தின்னவில்லை, புழுக்கையும் இல்லை.

பட்டினியா! சரி, அதை அப்புறம் பேசலாம். இப்போதே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.