புயல் நிவாரணத்துக்கு ஆட்களை அனுப்பும் சின்ன அமைப்பு, அவர்களுடைய பாதுகாப்பை எப்படிப் பார்த்துக்கொள்வது?

கேள்வியில் சில வரிகள்தான் இருக்கின்றன: "நண்பர்கள் சேர்ந்து ஒரு அறக்கட்டளை நடத்துகிறோம். புயல், வெள்ளம் என்றால் பொருளோடு ஆட்களை அனுப்புகிறோம். போகிறவர்கள் பத்திரமாகத் திரும்ப என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?" இதை நான் 2018-இல் யாரிடமாவது கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் நிலைமையை என்னால் ஊகிக்க முடிகிறது. ஒரு வாட்ஸ்அப் குழு, முப்பது பேர். தனி அலுவலகம் கிடையாது, யாரோ ஒருவரின் கடை மாடிதான். டிவியில் செய்தி பார்த்த அன்றைக்கே கிளம்ப வேண்டும் என்று பையன்கள் துடிப்பார்கள். அவர்களுடைய அப்பா அம்மா உங்களிடம் "நீங்க இருக்கீங்கன்னுதான் அனுப்புறோம்" என்று சொல்லியிருப்பார்கள். என்னிடமும் அப்படித்தான் சொன்னார்கள்.

எனக்கு ஊர் காரைக்குடிப் பக்கம். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்தில் மூன்று வருடம் வண்டி, கிடங்கு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். அங்கே ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு நோட்டு. எத்தனை மணிக்குக் கிளம்பியது, எங்கே போகிறது, எப்போது திரும்பும் என்று எழுதாமல் சாவி கொடுக்க மாட்டார்கள். இருட்டிய பிறகு வண்டி எடுக்கக் கூடாது. அவசரமாக ஊரைக் காலி செய்ய நேர்ந்தால் யார் யாரை எந்த வண்டியில் ஏற்றுவது என்று சுவரில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. அதில் வெளிநாட்டுக்காரர்கள் இருந்தார்கள், அலுவலகக்காரர்கள் இருந்தார்கள். டிரைவர்களும் வாட்ச்மேனும் சமையல்கார அம்மாவும் இல்லை. அது அப்போதே எனக்கு உறுத்தியது. உறுத்தியும் வாயைத் திறக்கவில்லை. பதினோரு வருடம் கழித்து அதே தவறை நானே செய்தேன்.

கஜா புயல் 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, அறந்தாங்கிப் பக்கமெல்லாம் தென்னந்தோப்புகள் தரையோடு படுத்துவிட்டன. நாங்கள் திங்கட்கிழமை கிளம்பினோம். அரிசி, தார்ப்பாய், மெழுகுவத்தி, கொசுவத்தி, பிஸ்கெட், குழந்தைகளுக்குப் பால் பவுடர். காலையில் போக வேண்டிய வண்டி மாலை நான்கு மணிக்குத்தான் கிளம்பியது. அதற்குக் காரணம் ஒரு பூட்டு.

கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பொருளை அடுக்கி வைக்க ஒரு பெரிய வீட்டின் முகப்பைக் கேட்டிருந்தோம். இந்தப் பக்கம் அந்த மாதிரி வீடுகளுக்குப் பஞ்சமில்லை. ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடியும். ஆனால் பங்காளிகள் இருபது பேர் இருப்பார்கள். ஒருவர் சென்னை, ஒருவர் கோலாலம்பூர், ஒருவர் போனே எடுக்க மாட்டார். சாவி வைத்திருந்தவர் "எல்லாரும் சரின்னு சொன்னாத்தான் திறப்பேன்" என்றார். அவர் சொன்னது முறைதான். ஆனால் வெளியே மழைத் தூறலில் அரிசி மூட்டை நனைந்துகொண்டிருந்தது. வருடம் முழுக்க வவ்வால் குடியிருக்கும் வீடு, ஒரு நாளைக்கு நாலு மூட்டை அரிசிக்குத் திறக்கவில்லை. பிறகு அதே மாதிரி வீடுகளின் தேக்குத் தூணும் நிலைக்கதவும் பழம்பொருள் கடையில் விலைச்சீட்டோடு நிற்கிறதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. பாரம்பரியம் என்று கூட்டம் போட்டுப் பேசுகிறவர்கள் ஊருக்கு ஒரு வீட்டையாவது இடர் காலத்துக்குத் திறந்துவிட ஏற்பாடு செய்யலாம். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

வாடகைக்குப் பிடித்தது இரண்டு குட்டியானை (சின்னச் சரக்கு வண்டி), ஒரு வேன். ஸ்டாண்டில் போய் "அண்ணே, பேராவூரணி வரணும்" என்றோம். நிவாரணம் என்றதும் ஒரு டிரைவர் வாடகையில் பாதி போதும் என்றார். நல்ல மனுஷன் என்று சந்தோஷப்பட்டோம். அவர் முந்தைய நாள் இரவு முழுக்க மதுரைக்கு வீட்டுச் சாமான் ஏற்றிப் போய்விட்டுக் காலையில்தான் திரும்பியிருந்தார். எப்போது தூங்கினீர்கள் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

புதுவயல் தாண்டி அறந்தாங்கி வழியாகப் போனோம். பேராவூரணிக்கு முன்னால் ஓர் ஊரில் தென்னைமரத்தைக் குறுக்கே போட்டு மறித்தார்கள். ஒரு அம்மா வண்டியின் கண்ணாடியைத் தட்டி, "மூணு நாளா எல்லா வண்டியும் எங்களத் தாண்டித்தானப்பா போகுது" என்றார். அந்த நாட்களில் அந்தப் பக்கம் பல இடத்தில் இப்படி நடந்தது. கொத்தமங்கலத்தில் அரசு வண்டிகளுக்கே தீ வைத்துவிட்டார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கூரையும் போய், தோப்பும் போய், குடிக்கத் தண்ணீரும் இல்லாதவர்கள். மூன்றில் ஒரு பங்கை அங்கேயே இறக்கிவிட்டுப் போனோம். மீதியைக் கொடுத்து முடிக்க இரவு பதினொன்றரை ஆகிவிட்டது. அங்கேயே படுத்திருக்க வேண்டும். "காலையில வேலைக்குப் போகணும்" என்று இரண்டு பையன்கள் சொன்னார்கள். சரி, கிளம்பலாம் என்று சொன்னது நான்.

தெருவிளக்கு ஒன்றுகூட இல்லை. சாலையில் விழுந்த மரங்களை வண்டி போகிற அளவுக்கு மட்டும் வெட்டி ஒதுக்கியிருந்தார்கள். வெட்டிய அடிமரத்தின் முனை சாலைக்குள் ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் போன குட்டியானை அதை நோக்கியே நேராகப் போய், கடைசி நொடியில் ஒடித்துத் திரும்பிச் சாய்ந்தது. பின்னால் காலித் தார்ப்பாய் மேல் மூன்று பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவனுக்குக் கை, ஒருவனுக்குத் தோள்பட்டை. டிரைவரின் இடது கால் கதவுக்கும் கியருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒவ்வொருவராகப் பெயர் கேட்டார். என் சட்டைப்பையில் பட்டியல் இருந்தது. பதினொரு பேர், வயது, ரத்த வகை, வீட்டு நம்பர். நாகப்பட்டினத்துப் பழக்கம், ஒழுங்காக எழுதியிருந்தேன். "டிரைவர் பேரு?" என்றார். நான் பையன்களைப் பார்த்தேன், அவர்கள் என்னைப் பார்த்தார்கள். காலையிலிருந்து அவரை "அண்ணே" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவருடைய செல்போன் உடைந்துவிட்டது. அவர் மயக்கத்தில் இருந்தார். சீட்டில் "பெயர் தெரியாத ஆண், சுமார் 45" என்று எழுதினார்கள். எங்களோடு டீ குடித்த மனுஷன். ஸ்டாண்டில் விசாரித்து அவர் வீட்டைக் கண்டுபிடித்துச் சொல்ல மறுநாள் மதியம் ஆனது.

பிழைத்துக்கொண்டார். கால் பழையபடி வரவில்லை. வண்டியை விற்றுவிட்டார். நான் முதலில் போய்ப் பார்த்தபோது அவருடைய மனைவி கோபப்படவில்லை. காபி கொடுத்துவிட்டு, "அவரு பேரு உங்க லிஸ்ட்டுலயே இல்லையாமே, அண்ணே?" என்று மட்டும் கேட்டார்.

இன்சூரன்ஸ் விஷயமும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது பலருக்குத் தெரியாது. சரக்கு வண்டியில் பின்னால் ஆள் ஏற்றினால் அந்த வண்டியின் இன்சூரன்ஸ் பொதுவாக அவர்களுக்குப் பொருந்தாது. பையன்களின் வைத்தியச் செலவை நாங்கள்தான் வசூல் செய்து கட்டினோம். இப்போது ஆட்களை அனுப்பும் முன்பே எல்லாருக்கும் சேர்த்துக் குழு விபத்துக் காப்பீடு எடுத்துவிடுகிறோம், டிரைவரையும் லோடுமேனையும் சேர்த்து. சரக்கு வண்டியில் சரக்கு மட்டும்தான்.

"இதென்ன போர்க்களமா, பிஸ்கெட் கொடுக்கப் போவதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா" என்று யாராவது கருத்திடுவார்கள். போர்க்களத்துக் கதையும் எனக்குத் தெரிந்த வரை இதேதான். 2006 ஆகஸ்டில் திருகோணமலைப் பக்கம் மூதூரில் பிரான்சு நாட்டுத் தொண்டு அமைப்பு ஒன்றின் பணியாளர்கள் 17 பேரை அலுவலக வளாகத்திலேயே சுட்டுக் கொன்றார்கள். ஒருவரைத் தவிர எல்லாரும் தமிழர்கள், உள்ளூர்க்காரர்கள். அமைப்பின் பெயர் போட்ட பனியன் அவர்கள் உடம்பில் இருந்தது, அது காப்பாற்றவில்லை. இன்று வரை யாரும் தண்டிக்கப்படவில்லை. 2012-இல் கென்யாவின் தடாப் அகதி முகாமில் நார்வே அகதிகள் கவுன்சிலின் நான்கு பேரைக் கடத்தினார்கள். அதில் ஒருவரான கனடாக்காரர் ஸ்டீவ் டென்னிஸ் வழக்குப் போட்டு, 2015-இல் ஆஸ்லோ நீதிமன்றம் நிறுவனம் கடும் கவனக்குறைவாக நடந்துகொண்டது என்று தீர்ப்புச் சொன்னது. பணியாளரைப் பாதுகாப்பது நிறுவனத்தின் சட்டக் கடமை என்று இன்றைக்கு எல்லாரும் அந்தத் தீர்ப்பைக் காட்டுகிறார்கள். அந்தக் கடத்தலில் வண்டி ஓட்டிய கென்யாக்காரர் அங்கேயே கொல்லப்பட்டார். அவர் பெரும்பாலான செய்திகளில் ஒரு வரிதான். 2024-இல் உலகம் முழுக்க 380-க்கும் மேற்பட்ட நிவாரணப் பணியாளர்கள் கொல்லப்பட்டதாக ஐ.நா. சொல்கிறது. பெரும்பாலோர் அந்தந்த நாட்டுக்காரர்கள்.

எங்கள் பக்கம் நகரத்தாரிடம் புள்ளிக் கணக்கு என்று உண்டு. கல்யாணமான ஒரு தம்பதி ஒரு புள்ளி. கோவில் வரி அந்தக் கணக்கில்தான். எந்த ஊரில் எத்தனை புள்ளி என்று சொல்லிவிடுவார்கள், ஒன்று விடுபடாது. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை, அந்தக் கணக்கு வைக்கிற ஒழுங்கு எனக்குப் பிடிக்கும். அந்த ஒழுங்கு நிவாரண வண்டிக்கும் வேண்டும், ஆனால் நம்மவர் வெளியார் என்ற கோடு இல்லாமல். என் நோட்டில் இப்போது முதல் வரி டிரைவர். பெயர், வீட்டில் பேச வேண்டியவர், ரத்த வகை, சுகர் பிரஷர் மாத்திரை, கடைசியாகத் தூங்கி எழுந்த நேரம். ஆமாம், தூங்கிய நேரத்தையும் எழுதுகிறோம். ஆறு மணி நேரம் தூங்காதவர் கையில் சாவி கிடையாது. நோட்டு இரண்டு பிரதி. ஒன்று வண்டியில், ஒன்று ஊரில் இருக்கிறவரிடம்.

அந்த ஊரில் இருக்கிறவர் முக்கியம். போகாமல் வீட்டில் உட்கார்ந்து போனைப் பார்ப்பதுதான் அவர் வேலை. கிளம்பும்போது, சேர்ந்ததும், இருட்டும் முன் என மூன்று தடவை வண்டியிலிருந்து போன் வர வேண்டும். அரை மணி தாமதமானால் அவர் யாரைக் கூப்பிட வேண்டும் என்று முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும். புயலுக்குப் பிறகு டவரே இருக்காது. அதனால் "தொடர்பு இல்லையென்றால் ஆறு மணிக்கு இந்த பஸ் ஸ்டாண்டில்" என்று ஓர் இடமும் பேசி வையுங்கள். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பழனிக்குக் காவடியோடு நடக்கிறவர்களைப் பாருங்கள். இன்ன இரவு இன்ன ஊர் என்று முதலிலேயே முடிவாகியிருக்கும். எவ்வளவு தெம்பு இருந்தாலும் தனியாக முன்னே ஓட மாட்டார்கள்.

போகும் ஊருக்கு முதலில் பேசுங்கள். பஞ்சாயத்துத் தலைவரோடு நிறுத்தாமல் மகளிர் குழுப் பெண்களிடமும் பேசுங்கள். யார் வீட்டில் என்ன இல்லை என்று அவர்களுக்குத்தான் தெரியும். ஊர் நம்மை ஏற்றுக்கொண்டால் பாதிக் காவல் வந்துவிட்டது. வழியில் மறித்தால் வாக்குவாதம் வேண்டாம், இறக்கிவிடுங்கள். பொருளுக்காக யாரும் அடி வாங்கக் கூடாது என்று பையன்களிடம் கிளம்பும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

அறுந்து கிடக்கும் கம்பியில் கரண்ட் இல்லை என்று நம்பவே கூடாது. ஊரில் மின்சாரம் இல்லைதான், ஆனால் யாராவது மெயினைப் பிரிக்காமல் ஜெனரேட்டர் போட்டால் அது வெளிக்கம்பிக்கு வந்துவிடும். வெள்ளத்தில் இறங்குகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் பயம் உண்டு. 2018 கேரள வெள்ளத்தில் தொண்டர்களுக்கு வாரம் ஒரு முறை டாக்சிசைக்ளின் 200 மில்லிகிராம் கொடுத்தார்கள். நீங்களாகக் கொடுக்காதீர்கள், டாக்டரைக் கேளுங்கள். டி.டி. ஊசியும் பூட்ஸும் கட்டாயம். பெண்கள் வருகிறார்கள் என்றால் கழிப்பறையும் தாழ்ப்பாள் உள்ள அறையும் உறுதியான பிறகுதான் வண்டி நகர வேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால், சம்பளமில்லாத தொண்டர்களையும் சேர்த்துத்தான் கணக்கு, வேலையிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டப்படி உள் புகார்க் குழு வைக்க வேண்டும். பல சின்ன அமைப்புகள் இது கம்பெனிக்கு மட்டும் என்று நினைக்கின்றன.

யாராவது "எனக்குச் சரியாப் படல, திரும்பிடலாம்" என்று சொன்னால் வண்டி திரும்ப வேண்டும், டிரைவர் சொன்னாலும். ஏன் என்று ஊருக்கு வந்து பேசிக்கொள்ளலாம்.

2023 டிசம்பரில் தூத்துக்குடி வெள்ளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய மழை. ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கம் போக இங்கிருந்து இரண்டு வண்டி கிளம்பியது. நான்தான் போனைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தவன். எட்டயபுரம் போகும்போதே இருட்டிவிட்டது. அங்கேயே ஒரு கல்யாண மண்டபத்தில் படுங்கள் என்று சொல்லிவிட்டேன். "அங்க சனம் தண்ணிக்குள்ள நிக்குது, இவரு தூங்கச் சொல்றாரு" என்று குழுவில் ஒருவர் எழுதினார். அவருக்கு நான் பதில் போடவில்லை. காலை ஐந்தே முக்காலுக்குப் போன் வந்தது. டிரைவர்தான் பேசினார். தன் பெயரைச் சொல்லி, "நல்லாத் தூங்கியாச்சு சார், ஆறு பேரும் ஏறியாச்சு, என்னையும் சேத்து ஏழு. கிளம்புறோம்" என்றார். நோட்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டேன்.