“வீட்டில் யாருக்கும் என் வேலை புரியவில்லை”

கேள்வி: அக்கா, எனக்கு 30 வயது. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவள். பினாங்கில் முனைவர் பட்டம் முடித்திருக்கிறேன். செம்பனைக் கொட்டை ஓட்டைக் கரியாக்கி, மின்சாரத்தைச் சேமிக்கும் சூப்பர் கெப்பாசிட்டர் செய்வது என் ஆய்வு. தென் கொரியாவில் இரண்டு வருட ஒப்பந்தத்தில் ஆய்வு வேலை கிடைத்திருக்கிறது. அம்மாவோ, ஈப்போ கையுறைத் தொழிற்சாலையில் நிரந்தர வேலை வருகிறது, அதில் சேர்ந்து கல்யாணம் பண்ணிக்கொள் என்கிறார். அப்பா செம்பனை எண்ணெய் மில்லில் பாய்லர் பார்த்து ஓய்வு பெற்றவர், ஒன்றும் சொல்வதில்லை. போன தீபாவளிக்கு என் ஆராய்ச்சிக்கு என்று மில்லிலிருந்து ஒரு மூட்டை ஓடு வாங்கி வைத்திருந்தார். லேபில் நிறைய இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். வீட்டில் யாருக்கும் என் வேலை புரியவில்லை. கொரியா போகலாமா?
— ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தங்கச்சி, கொரியாவுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த மூட்டை எங்கே? வீட்டுப் பின்னால் மழையில் நனைந்துகொண்டு கிடக்கிறதா?

உன்னைப் போன்றவர்கள் எழுதினால் எல்லாரும் விஞ்ஞானி ஜான் குட்இனஃப் கதையைத்தான் சொல்வார்கள். லித்தியம் அயன் பேட்டரிக்காக 2019-இல் 97 வயதில் நோபல் பரிசு வாங்கினார், நீயும் பொறுமையாக இரு என்பார்கள். நான் சொல்ல மாட்டேன். உனக்குப் பொறுமை குறைச்சல் இல்லை. குறைச்சல் வேறு இடத்தில்.

உன் அப்பா பாய்லர் பார்த்தவர் என்று போகிற போக்கில் எழுதிவிட்டாய். மில் பாய்லரில் எரிவது என்ன? செம்பனை நாரும் ஓடும்தானே. அந்த நீராவியில்தான் குலைகள் வேகின்றன, டர்பைன் சுற்றி மில்லுக்கே கரண்ட் வருகிறது. ‘புதுப்பிக்கத்தக்க எரிசக்தி’ என்று உன் ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருப்பாயே, அதை வேலைக்காலம் முழுக்கப் பக்கத்தில் நின்று பார்த்தவர் அவர். ஓடு அதிகமாகப் போனால் கரும்புகை வரும், சாம்பல் உருகிக் கட்டியாகி அடுப்பில் ஒட்டிக்கொள்ளும், தட்டித் தட்டி எடுக்க வேண்டும். நீ லேபில் கழுவி எடுக்கிறாயே சிலிக்காவும் பொட்டாசியமும், அதே சாம்பல்தான் தங்கச்சி! பாய்லர் பொறுப்பில் நிற்க அரசாங்கத் தகுதிச் சான்றிதழ் வேண்டும். அது அவரிடம் இருக்கிறதா என்று ஒரு நாளாவது கேட்டாயா?

இன்னொன்று. கொட்டை ஓடு இப்போது குப்பை இல்லை. ஜப்பானின் மின் நிலையங்களுக்குக் கப்பலேறுகிற சரக்கு. ஓய்வு பெற்ற மனிதர் மில்லுக்குப் போய் ஒரு மூட்டை கேட்டால், எதற்கு என்று கேட்காமலா கொடுத்திருப்பார்கள்? ‘என் மகள் இதில் பேட்டரி செய்கிறாள்’ என்று சொல்லித்தான் வாங்கியிருப்பார். அதை மோட்டார் சைக்கிளில் வைத்துக் கட்டி வந்திருப்பார். நீ ஒரே வாக்கியத்தில் அவர் வாயை அடைத்துவிட்டாய். அவர் ‘ஒன்றும் சொல்வதில்லை’ என்று எனக்கு எழுதுகிறாய்! வெட்கமாக இல்லையா?

புரியவில்லை என்று புகார் சொல்கிற நீ, புரியும்படி எப்போதாவது சொன்னாயா? கருத்தரங்கில் முன்பின் தெரியாதவர்களுக்குப் படம் போட்டு விளக்குகிறாய். அப்பாவிடம் சொல்வதற்கு என்ன கஷ்டம்? காற்றில்லாமல் நைட்ரஜனில் சுட்டால் ஓடு எரியாது, கரியாகும். அதைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சேர்த்து 700, 800 டிகிரியில் மறுபடி சுட்டால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள் விழும். ஒரு கிராம் கரியின் உள்பரப்பு 1000 சதுர மீட்டரைத் தாண்டும், அதாவது பன்னிரண்டு பேட்மிண்டன் கோர்ட். அந்தப் பரப்பில் மின்னூட்டம் போய் ஒட்டிக்கொள்கிறது. சீக்கிரம் ஏறும், சீக்கிரம் இறங்கும். லித்தியம் பேட்டரி அளவுக்குக் கொள்ளாது, ஆனால் ஆயிரக்கணக்கான தடவை தாங்கும். பாய்லர்காரருக்கு இது புரியாதென்றால் வேறு யாருக்குப் புரியும்?

எப்போது கடைக்கு வரும் என்று கேட்பார். சிரிக்காதே, நியாயமான கேள்வி. லித்தியம் பேட்டரிக்கு உதவும் கோபால்ட் ஆக்சைடு பற்றிக் குட்இனஃப் குழு எழுதியது 1980-இல், சோனி அந்தப் பேட்டரியை விற்றது 1991-இல். வருடக்கணக்காகும், வராமலும் போகலாம் என்று உண்மையைச் சொல்.

அம்மாவையும் அறியாமை என்று ஒதுக்காதே. தோட்டத்தில் வேலை போனால் வீடும் போகும். தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்ற காலத்தில் ஜனங்கள் நடுத்தெருவில் நிற்கக் கூடாது என்றுதான் அமைச்சராக இருந்த துன் சம்பந்தன், தொழிலாளர்களே பணம் சேர்த்துத் தோட்டம் வாங்க 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தையே தொடங்கினார். உங்கள் ஊர்க்காரர், நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் பயத்தோடு வளர்ந்தவரிடம் ‘இரண்டு வருடம், அப்புறம் பார்க்கலாம்’ என்றால் தூக்கம் வருமா?

சரி, கொரியா. போ. பிள்ளைகள் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருப்பதைக் கடமை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் மாதம் பிறந்தால் அம்மா கணக்குக்கு ஒரு தொகை, தேதி தவறாமல் போக வேண்டும். உன்னைப் படிக்கவைத்த குடும்பம், இதில் பேரம் இல்லை. கல்யாணத்துக்கு இரண்டு வருடம் பெரிய தாமதம் ஒன்றும் இல்லை. கொரியா போனவள் வேண்டாம் என்கிற மாப்பிள்ளை உனக்கும் வேண்டாம்.

போவதற்கு முன் அந்த ஓட்டைக் காயவைத்து லேபுக்குக் கொண்டுபோ. அதில் காசு அளவில் மூன்று சின்ன செல் (காயின் செல்) செய்து, வரிசையாகக் கோத்து, சின்ன சிவப்பு எல்.இ.டி. ஒன்றை அப்பா முன்னால் எரியவிடு. அன்றைக்கே ஒப்பந்தத்தையும் எடுத்து இரண்டு பேருக்கும் தமிழில் படித்துக் காட்டு: சம்பளம் எவ்வளவு, எத்தனை மாதம், முடிந்த பிறகு கையில் என்ன இருக்கும், என்ன இருக்காது என்பது வரைக்கும். அதற்கப்புறமும் அப்பா வாயைத் திறந்து வேண்டாம் என்றால், எனக்கு மறுபடி எழுது.