ஒலிப்பெட்டி கேள்வி பதில்: தாத்தாவின் ஆம்ப்ளிஃபயருக்கு எந்த பிரீஆம்ப்?

ஐயா, தாத்தா வைத்திருந்த குவாட் 303 ஆம்ப்ளிஃபயரும் டர்ன்டேபிளும் இப்போது என்னிடம். கூடவே இருந்த குவாட் 33 பிரீஆம்பில் (ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் ஒலியைக் கட்டுப்படுத்தும் பெட்டி) இடது பக்கம் சத்தமே இல்லை, வலது பக்கம் கரகரக்கிறது. வேறு வாங்கலாமென்று விசாரித்தால் ஒருவர் வால்வு (பழைய கண்ணாடிக் குழாய்) பிரீஆம்ப் என்கிறார், இன்னொருவர் புது மாடல் என்கிறார். எல்பி நூறு இருக்கும், நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய தட்டுகள் முப்பது. எதை வாங்கட்டும்?
– வாசகர், சாட்ஸ்வர்த், டர்பன்

தம்பி, எதையும் வாங்குவதற்கு முன் அந்த 33-ஐ ஒரு நல்ல மெக்கானிக்கிடம் காட்டுங்கள். 33-ம் 303-ம் 1967-இல் ஜோடியாகவே வந்தவை. 33-க்குள் இருக்கும் போர்டுகள் செருகிக் கழற்றும் வகை. டர்பன் கடற்காற்றில் அந்தத் தொடுமுனைகள் கறுத்துவிடும். மெர்பேங்கிலிருந்து ஓர் அம்மா கொண்டுவந்த பெட்டியும் இப்படித்தான் ஒரு பக்கம் ஊமையாக இருந்தது. ஐசோபிரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, போர்டை நாலைந்து தடவை செருகி எடுத்தேன், பாட ஆரம்பித்துவிட்டது. உங்கள் பெட்டியின் கரகரப்புக்கு வால்யூம் கன்ட்ரோலில் ஏறிய அழுக்கு காரணமாக இருக்கலாம், வயதான கப்பாசிட்டர்களும் (மின்தேக்கிகள்) இருக்கலாம். எலக்ட்ரோலிடிக் கப்பாசிட்டர்களை எல்லாம் ஒரேயடியாக மாற்றச் சொல்லுங்கள்.

இவ்வளவு வற்புறுத்த உங்கள் 78 தட்டுகள்தான் காரணம். இப்போதைய போனோ உள்ளீடுகள் (டர்ன்டேபிளைச் செருகும் இடம்) ஆர்ஐஏஏ என்ற 1954-ஆம் வருட அளவுமுறைப்படி உயர் ஸ்வரங்களைக் குறைத்துத் தருகின்றன. எல்பிக்கு அது சரி. அதற்கு முன் பதிந்த 78 தட்டுகளில் பலவற்றை அப்படியே போட்டால் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கிவிடும். பேஸ், டிரெபிள் திருகுகள் இருந்தால் ஓரளவு மீட்கலாம். 33-இல் அவையும் உண்டு, இரைச்சலை வெட்டும் ஃபில்டரும் உண்டு. புது பிரீஆம்ப் பலவற்றில் டோன் கன்ட்ரோலே கிடையாது. அப்புறம், எல்பி ஊசியை 78 மேல் வைக்காதீர்கள். அதன் பள்ளம் அகலம், அதற்கென்று தனி ஊசி வேண்டும்.

சரி, 33 தேறவே இல்லை என்றால்? 303 தன் முழு 45 வாட்டையும் கொடுக்க அரை வோல்ட் போதும். சிடி பிளேயர் ஒன்றே 2 வோல்ட் தருகிறது. புது பிரீஆம்புகளும் தாராளமாகத் தருபவை. நான் ஒருமுறை அப்படி ஒன்றை வாங்கி மாட்டினேன். வால்யூம் திருகைத் தொட்டதுமே வீடு அதிர்ந்தது. அதைவிடத் தொல்லை, அந்தத் தொடக்க இடத்தில் இடமும் வலமும் சமமாக இல்லாமல் பாட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. பிரீஆம்புக்கும் 303-க்கும் நடுவே 12 டெசிபல் அட்டென்யுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் சிறு இணைப்பு) போட்ட பிறகே சரியானது.

வால்வு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 303-இன் உள்ளீட்டு இம்பீடன்ஸ் (மின்தடை) 22 கிலோ ஓம்தான். வால்வு பிரீஆம்பின் வெளியீட்டுக் கப்பாசிட்டர் 0.1 மைக்ரோஃபாரட் என்று வையுங்கள், 70 ஹெர்ட்ஸ் அளவிலேயே கீழ் ஒலி தேயத் தொடங்கும். மிருதங்கத்தின் தொப்பி மெலிந்து வலந்தலை மட்டும் கேட்டால் அது கச்சேரியா? 1 மைக்ரோஃபாரடாவது இருக்கிறதா, வெளியீட்டு இம்பீடன்ஸ் 2 கிலோ ஓமுக்குக் கீழே இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். போனோ உள்ளீடு எம்எம் (நகரும் காந்தம்) வகையாக, 47 கிலோ ஓமாக இருக்கட்டும். 303-இல் டிஐஎன் (DIN) என்ற பழைய வட்ட சாக்கெட் இருப்பதால் அதற்கேற்ற வயரும் செய்துகொள்ள வேண்டும்.

டர்ன்டேபிள் போட்டால் மட்டும் ‘ம்ம்ம்’ என்று இரைகிறது. ரேடியோவுக்கு இல்லை. பிரீஆம்பை மாற்றவா?
– வாசகி, ஃபீனிக்ஸ், டர்பன்

வேண்டாம் அம்மா. டர்ன்டேபிளிலிருந்து வரும் மெல்லிய எர்த் வயர் பிரீஆம்பின் பின்பக்கத் திருகில் இறுக்கமாக இருக்கிறதா பாருங்கள். இருந்தும் இரைந்தால், ஆம்ப்ளிஃபயரின் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்திலிருந்து டர்ன்டேபிளை ஓரடி தள்ளி வையுங்கள். கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் பாகம்) தருவது சில மில்லிவோல்ட்தான். பக்கத்தில் எது இரைந்தாலும் அதில் கலந்துவிடும்.