உப்பு, வெயில், வெள்ளம்: நெல்லு பத்தி நீங்க கேட்டதுக்கு பதில்

வேதாரண்யம் பக்கத்துலேருந்து: சார், போர் தண்ணி உப்பாயிடுச்சு, வயல்ல வெள்ளையா பூக்குது. ஜிப்சம் போடலாமா?

தம்பி, அவசரப்பட்டு காச கொட்டாதீங்க, முதல்ல மண்ணையும் தண்ணியையும் டெஸ்ட்டுக்கு குடுங்க. மேல வெள்ளையா பூத்தா பெரும்பாலும் உவர், அதுக்கு ஜிப்சம் உதவாது, மழைத்தண்ணிய வயல்ல தேக்கி நிறுத்தி, வடிய விட்டு, திரும்ப தேக்கி உப்ப கழுவித்தான் ஆகணும். பிஎச் (மண்ணோட அமில-கார அளவு) 8.5 தாண்டி, சோடியம் ஏறி, காஞ்சா கல்லு மாதிரி இறுகி நனைஞ்சா தண்ணியே கீழ இறங்காம நிக்குதா, அது களர், ஜிப்சம் அதுக்குத்தான். ரெண்டுக்கும் வடிகால் முக்கியம், அது இல்லாம எதப் போட்டாலும் வீண்தான். கடலோரத்துல நல்ல தண்ணி மேலாக்குல மட்டும்தான் நிக்கும், ஆழமா போட்டு விடாம இறைச்சா கீழ இருக்குற உப்புத்தண்ணி ஏறி வந்துரும், கடல் மட்டமும் வேற ஏறிட்டு இருக்கு, தயவுசெஞ்சு போர இன்னும் ஆழப்படுத்தாதீங்க. நாத்தும் பூக்குற பயிரும்தான் உப்புக்கு ரொம்ப வாடும், அந்த நேரத்துலயாவது ஆத்துத்தண்ணி கிடைக்குற மாதிரி விதைப்பு பட்டத்த வச்சுக்கங்க. களர்னு ரிப்போர்ட் வந்தா களர தாங்குற டிஆர்ஒய் 3 நெல்லு ரகம் பாருங்க.

கதிர் நல்லா வந்தும் பாதி பதரா போச்சே, ஏன்?

நெல்லு பூ காலைலதான் விரியும், அந்த நேரத்துல 35 டிகிரிய தாண்டுச்சுன்னா மகரந்தம் செத்துப்போய் மணி புடிக்காது. ராத்திரி புழுக்கமும் மகசூல அடிக்குது, பிலிப்பைன்ஸ்ல இருக்குற இர்ரி (சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம்) பண்ணைல பார்த்து 2004-ல வெளியிட்ட ஆய்வுல ராத்திரி வெப்பம் 1 டிகிரி ஏறுனா மகசூல் 10 சதவீதம் கொறையுதுன்னு வந்துச்சு. பூக்குற வாரம் கடும் வெயில்ல மாட்டாத மாதிரி விதைப்பு தேதிய மாத்துங்க, அப்ப வயல காய விடாதீங்க.

அரிசில ஆர்சனிக்னு விஷம் இருக்காமே, பயமா இருக்கு மேடம்.

மேற்கு வங்கம், பங்களாதேஷ் பக்கம் நிலத்தடி நீர்லயே அது ரொம்ப இருக்கும்மா. தண்ணி தேங்கி நிக்குற மண்ணுல அது கரைஞ்சு வெளிய வரும், நெல்லு உறிஞ்சிக்கும். காய்ச்சலும் பாய்ச்சலுமா, அதாவது வயல கொஞ்சம் காய விட்டு திரும்ப தண்ணி கட்டுனா கொறையும், ஆனா காட்மியம்ங்குற நச்சு உலோகம் இருக்குற மண்ணுன்னா ரொம்ப காய விட்டா அது ஏறும், அதையும் பாக்கணும். வீட்டுல நிறைய தண்ணி வச்சு வடிச்சு சாப்பிடுங்க, குக்கர விட அது நல்லது.

சம்பா முழுகிருச்சு, என்ன செய்ய?

முதல்ல தண்ணிய வடிங்க. வடிஞ்ச அன்னைக்கே யூரியா போடாதீங்க, புது இலை துளிர்க்கட்டும். அடுத்த வருஷம் வெள்ளத்த தாங்குற சிஆர் 1009 சப் 1 நெல்லு ரகம் கேட்டு வாங்குங்க, வளர்ற பருவத்துல ரெண்டு வாரம் வரைக்கும் முழுகியும் மீளும், பூத்தப்புறம் முழுகுனா அதுவும் தாங்காது.