சுத்திகரிப்பு நிலையம் இருந்தும் மீன் சாவது ஏன்?

கேள்வி: எங்கள் ஆற்றோரம் பெரிய கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் ஓடுகிறது. வெளிவரும் தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கோடைக்குப் பின் முதல் மழை பெய்தால் மறுநாள் மீன் செத்து மிதக்கிறது. நிலையம்தான் காரணமா? அந்தத் தண்ணீரில் குளிக்கலாமா?

பதில்: குளிக்க வேண்டாம். தெளிந்த தண்ணீரிலும் கிருமி ஏராளமாக இருக்கும். கடைசியில் குளோரினோ புற ஊதா ஒளியோ கொடுத்தால்தான் அது அடங்கும்; அந்தக் கருவி தினமும் ஓடுகிறதா என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மீன் பெரும்பாலும் மூச்சுத் திணறித்தான் சாகிறது. கழிவை நுண்ணுயிர்கள் தின்னும்போது நீரில் கரைந்த ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். அந்த உறிஞ்சலை அளப்பதுதான் பி.ஓ.டி. வீட்டுக் கழிவுநீரில் அது லிட்டருக்கு 200, 300 மில்லிகிராம் இருக்கும். ஒழுங்காக ஓடும் நிலையம் அதை 20, 30-க்குக் கொண்டுவந்துவிடும். ஆற்றில் நடக்க வேண்டிய தீனியை, ப்ளோயர் வைத்துக் காற்றூதித் தொட்டிக்குள்ளேயே முடித்துவிடுகிறார்கள். 1914-இல் மான்செஸ்டரில் செய்து காட்டிய முறைதான், இன்றும் பல பெரிய நிலையங்கள் இப்படித்தான் ஓடுகின்றன.

மழையன்று கதை வேறு. சாக்கடைக் குழாயில் மழைநீரும் சேர்ந்து வரத்து எகிறும். தாங்காததைச் சுத்திகரிக்காமலே பைபாஸில் ஆற்றுக்குத் திருப்பிவிடுவார்கள். கோடை முழுக்க வாய்க்கால்களில் படிந்த கறுப்புச் சேறும் அதே நாளில் அடித்துக்கொண்டு வரும். ஆகவே வெளியேற்றுக் குழாய்க்கு மேலே, நீர் வரும் திசையில் நடந்து பாருங்கள். அங்கேயும் மீன் மிதந்தால் குற்றம் மேலே இருக்கிறது. நிலையத்துக்கு இத்தனை கோடி லிட்டர் கொள்ளளவு என்று கல்வெட்டு வைப்பார்கள். வீடுகளிலிருந்து குழாய் இணைப்பு மட்டும் வந்திருக்காது. வராத கழிவை எந்த நிலையம் சுத்தம் செய்யும்?

வெளியேற்றுக் குழாயடியில் வெள்ளை நுரை பார்த்தால் உடனே புகார் எழுதாதீர்கள். புதிதாக ஓட்டத் தொடங்கிய நிலையத்தில் நுண்ணுயிர்கள் பெருகி நிலைக்கும்வரை, சில வாரங்களுக்கு, வெள்ளை நுரை பொங்குவது இயல்பு. நீண்ட நாள் நின்று மறுபடி ஓடினாலும் அப்படித்தான். அது அடங்காமல் மாதக்கணக்கில் நீடித்தாலோ, பழுப்பாக, கொழகொழவென்று திரண்டு வந்தாலோதான் கேள்வி கேளுங்கள். நுரையைப் படம் பிடித்தவர்கள் சேற்றை மறந்துவிடுகிறார்கள்.

சேறுதான் உண்மையான சாட்சி. ஒழுங்காக ஓடும் பெரிய நிலையத்தில், கழிவைத் தின்று பெருகிய நுண்ணுயிர்கள் படிந்து சேறு தேங்கிக்கொண்டே இருக்கும். அதைப் பிழிந்து வெளியே அனுப்பியாக வேண்டும். மாதக்கணக்கில் ஒரு சேற்று வண்டிகூட வெளியே வரவில்லை என்றால் உள்ளே பெரிதாக எதுவும் நடக்கவில்லை.

செப்டிக் டேங்க் லாரிக்காரர்களை நம்பாதீர்கள். "பிளான்ட்டுக்குத்தான் கொண்டுபோறோம் சார்" என்பார்கள்; ராத்திரியில் மேன்ஹோலிலோ ஓடையிலோ திறந்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்தச் சரக்கு சாதாரணச் சாக்கடையைவிடப் பல மடங்கு கடுமை. நிலையம் தந்த ரசீதை அவர்கள் காட்டும்வரை காசு கொடுக்காதீர்கள். ஆற்றில் தூவினால் சுத்தமாகும் என்று பாக்டீரியா பவுடர் விற்க வருபவரையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஆக்சிஜன் இல்லாத தண்ணீரில் பவுடர் என்ன செய்யும்?

புகார் எழுதும்போது "ஆறு நாறுகிறது" என்று எழுதினால் கோப்பில் தூங்கும். மழை பெய்த தேதியைக் குறிப்பிட்டு, அன்றைய வரத்து எவ்வளவு, பைபாஸ் எத்தனை மணி நேரம் திறந்திருந்தது, ப்ளோயர் மின்கணக்கு, சேறு போன இடம் இவற்றை மட்டும் கேளுங்கள்.