வடக்குப் பார்த்த தோட்டம் குழந்தையின் காலை வளைக்காது

வீட்டை அப்புறம் பார்ப்போம்.

லண்டன் ஹாரோவில் பார்த்து வைத்திருக்கும் இரண்டு வீடுகளில் எதை வாங்கலாம் என்று கேட்டு மூன்று பக்கம் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். எந்த வீட்டின் பின்தோட்டம் தெற்குப் பார்த்தது, எது வடக்கு, விலையில் எத்தனை வித்தியாசம், வங்கி எவ்வளவு கடன் தரும், எல்லாம் இருக்கிறது. கடைசிப் பக்கத்தின் அடியில், போகிற போக்கில் ஒரு வரி: பதினாறு மாத மகள் பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, அவ்வப்போது வாந்தி எடுக்கிறாள், மலம் இறுகி முக்குகிறாள், தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைப்பதே இல்லை, இரவில் நாப்பி நனைந்து மெத்தை வரை போகிறது. பல் முளைப்பதால் இருக்கும் என்று உங்கள் அம்மா சொன்னாராம். அதற்கு இரண்டு பத்தி முன்னால் இன்னொரு வரி: இந்த ஊரில் குழந்தைக்கு வெயிலே படுவதில்லை என்று, கும்பகோணத்திலிருந்து வந்த அம்மா தான் கொண்டுவந்த வைட்டமின் டி பாட்டிலை ஞாயிறுதோறும் ஒன்று புகட்டி வருகிறார். பதினோரு வாரமாக.

இந்த இரண்டு வரியையும் நீங்கள் சேர்த்துப் பார்க்கவில்லை. கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குத் தனியாக மின்னஞ்சல் அனுப்பி, அன்றைக்கே குழந்தையை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லிவிட்டேன். இங்கே எல்லோரும் படிக்க மறுபடி எழுதுகிறேன் என்றால், அந்த மருந்துப் பெட்டி உங்கள் அம்மாவின் சூட்கேஸில் மட்டும் இந்த நாட்டுக்குள் வரவில்லை.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். நம் ஊர் மருந்துக்கடையில் தூளாகவும் மாத்திரையாகவும் ஐந்து மில்லி பாட்டிலாகவும் கிடைக்கிற அந்த வைட்டமின் டி, ஒன்றுக்கு 60,000 யூனிட். குறைபாடு உள்ள பெரியவர்களுக்கு வாரம் ஒன்று என்று சில வாரங்களுக்கு மட்டும் எழுதித் தருவது. ஒரு வயதிலிருந்து நாலு வயது வரை உள்ள குழந்தைக்கு இங்கே சொல்லும் அளவு நாளைக்கு 400 யூனிட், அதாவது 10 மைக்ரோகிராம். ஆக ஒரு பாட்டில் என்பது 150 நாளுக்கு உரியது. பதினோரு பாட்டில் என்றால் நாலரை வருடத்துக்கு உரியது. அதை இரண்டரை மாதத்தில் கொடுத்து முடித்திருக்கிறீர்கள். போதாக்குறைக்கு நீங்கள் வேறு, அம்மா கொடுப்பது கணக்கில் வராமல், காலையில் சொட்டு மருந்தும் கொடுத்திருக்கிறீர்கள்.

"வைட்டமின்தானே டாக்டர், மிஞ்சினால் சிறுநீரில் போய்விடாதா?" என்று என் அறையில் உட்கார்ந்து கேட்காதவர்களே இல்லை. வைட்டமின் சி போய்விடும். டி போகாது. அது கொழுப்பில் கரைவது, உடம்பில் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் தங்கும். அளவு மீறினால் குடலிலிருந்தும் எலும்பிலிருந்தும் கால்சியத்தை இழுத்து ரத்தத்தில் கொட்டும். ரத்தத்தில் கால்சியம் ஏறினால் சிறுநீரகத்தால் நீரைப் பிடித்து வைக்க முடியாது. குழந்தை நிறையச் சிறுநீர் கழிக்கும், அதனால் தாகம் எடுக்கும். குடல் மந்தமாகும், மலம் கட்டும். குமட்டும், பசிக்காது. உடம்பில் நீர் வற்ற வற்றக் கால்சியம் இன்னும் ஏறும். நாள்பட விட்டால் சிறுநீரகத்திலேயே கால்சியம் படியும்.

வாந்தி எல்லாக் குழந்தைகளும் எடுக்கும். மலச்சிக்கல் பல குழந்தைகளுக்கு இருக்கும். ஆனால் வாந்தியும் மலச்சிக்கலும் உள்ள குழந்தை ஓயாமல் தண்ணீர் கேட்டு, ஓயாமல் நாப்பியை நனைக்கிறது என்றால் அதற்குப் பெயர் பல் முளைப்பது இல்லை. அன்றைக்கே ரத்தம் பார்த்தாக வேண்டும். வைட்டமின் டி பக்கமே போகாத வீட்டிலும் அப்படித்தான், ஏனென்றால் சிறு வயதில் வரும் சர்க்கரை நோயும் இதே தாகத்தோடுதான் தொடங்கும். விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து அதை ஒரு நிமிடத்தில் பார்த்துவிடுவார்கள். கால்சியத்துக்குத் தனியாக ரத்தம் எடுப்பார்கள்.

ஜிபியிடம், அதாவது உங்கள் பகுதிக் குடும்ப மருத்துவரிடம், அடுத்த வாரம் நேரம் கிடைத்திருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அடுத்த வாரம் ஆகாது. ஜிபி அன்றே பார்க்க முடியாவிட்டால் 111 என்ற மருத்துவ உதவி எண்ணை அழைத்து, "வைட்டமின் டி அதிகமாகக் கொடுத்துவிட்டோம்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். குழந்தை துவண்டு, எழுப்பினாலும் சரியாக விழிக்காமல் இருந்தால் யாரையும் கேட்க வேண்டாம், நேராக அவசரப் பிரிவுதான். டி கலந்த எல்லாவற்றையும் நிறுத்துங்கள். மற்ற சத்து மருந்துகளையும் சேர்த்துத்தான். காலிப் பாட்டிலைக் கையோடு கொண்டு போங்கள். தாகத்துக்குத் தண்ணீர் கொடுங்கள். மெத்தை நனைகிறதே என்று குறைத்துவிடாதீர்கள், அது எல்லாவற்றையும்விட மோசம். கால்சியம் ஏறியிருந்தால் வார்டில் சேர்த்து நரம்பில் திரவம் ஏற்றுவார்கள், தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. காலத்தில் பார்த்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அம்மாவைத் திட்ட வேண்டாம். அந்தத் தவறை இந்த நாட்டு அரசாங்கமே ஒரு காலத்தில் செய்திருக்கிறது. உலகப் போர்க் காலத்திலும் அதற்குப் பிறகும் குழந்தைகளின் பால்பவுடரில் வைட்டமின் டி, தானியக் கஞ்சியில் வைட்டமின் டி, அதற்கு மேல் மீன் ஈரல் எண்ணெய் என்று மூன்று பக்கமும் கொடுத்தார்கள். 1950-களில் வாந்தியும் மலச்சிக்கலுமாக, எடை ஏறாத கைக்குழந்தைகள் வரத் தொடங்கிய பிறகுதான் விழித்துக்கொண்டு அளவைக் குறைத்தார்கள்.

சரி, இப்போது உங்கள் பயத்துக்கு வருவோம். வடக்குத் தோட்டம், தெற்குத் தோட்டம் என்று மூன்று பக்கம் எழுதினாலும் உங்கள் மனதில் ஓடுவது ஒன்றுதான். மகளின் கால் வில் போல வளைந்திருக்கிறது. வெயில் வராத இந்த ஃபிளாட்டில் வளர்த்து நாமே கெடுத்துவிட்டோமோ, இன்னொரு இருட்டு வீட்டை வாங்கி இன்னும் கெடுத்துவிடுவோமோ என்று. நள்ளிரவில் கைபேசியில் பார்த்த எலும்பு உருகும் வீடியோ வேறு.

நடக்கத் தொடங்கும் குழந்தையின் கால் வளைந்துதான் இருக்கும். ஒன்றரை, இரண்டு வயதில் நேராகும், மூன்று நாலு வயதில் எதிர்ப்பக்கம் போய் முட்டி இரண்டும் இடிக்கும், ஏழு வயதுக்குள் தானாகவே ஓர் ஒழுங்குக்கு வரும். உங்கள் மகள் பன்னிரண்டு மாதத்தில் நடந்துவிட்டாள், இரண்டு காலும் ஒரே மாதிரி வளைந்திருக்கின்றன, உயரம், குழந்தையின் வளர்ச்சியைக் குறிக்கும் சிவப்புப் புத்தகத்தில் தன் கோட்டிலேயே போகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இது இயல்பு. ஒரு கால் மட்டும் வளைந்தால், இரண்டு வயதுக்குப் பிறகும் வளைவு கூடிக்கொண்டே போனால், மணிக்கட்டு தடித்து விலா எலும்பில் மணி கோர்த்தது போல முண்டு தெரிந்தால், நடை மிகவும் தாமதமானால் காட்டுங்கள். அதுவரை காலை அளவெடுக்க வேண்டாம்.

ரிக்கெட்ஸ், அதாவது வைட்டமின் டி குறைந்து எலும்பு மென்மையாகி வளையும் நோய், வெறும் பூச்சாண்டி என்று சொல்ல மாட்டேன். 1960-களில் கிளாஸ்கோவில் நம் தெற்காசிய மக்களின் குழந்தைகளிடம்தான் அது மறுபடி தலைகாட்டியது. மாநிறத் தோலுக்கு இந்த வெயில் போதாது. ஆனால் அதைத் தோட்டத்தால் தீர்க்க முடியாது, அதுதான் விஷயம்.

கும்பகோணத்தில் மார்கழி நண்பகலிலும் சூரியன் அடிவானத்திலிருந்து 55 டிகிரி உயரத்தில் நிற்கும். லண்டனில் டிசம்பர் நண்பகலில் 15 டிகிரி. அவ்வளவு சாய்ந்து வரும் ஒளி காற்று மண்டலத்தில் நெடுந்தூரம் பயணிப்பதால், தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் புறஊதாக் கதிர் வழியிலேயே வடிகட்டப்பட்டுவிடுகிறது. அக்டோபரிலிருந்து மார்ச் தொடக்கம் வரை, தெற்குப் பார்த்த தோட்டத்தில் குழந்தையைச் சட்டையில்லாமல் நிறுத்தினாலும் சளிதான் பிடிக்கும். ஆண்டில் பாதி, இரண்டு வீடும் இந்தக் கணக்கில் ஒன்றுதான்.

மீதிப் பாதிக்கு வருவோம். வடக்குத் தோட்டத்தில் வீட்டின் நிழல் தோட்டத்தில் விழும், உண்மைதான். இரண்டு மாடி வீடு எட்டு மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால், ஜூன் நண்பகலில் நிழல் சுமார் நாலு மீட்டர். மார்ச், செப்டம்பர் கடைசியில் பத்து மீட்டர். டிசம்பரில் முப்பது. நீங்கள் பார்த்த வடக்குத் தோட்டம் பதினெட்டு மீட்டர் நீளம் என்று எழுதியிருக்கிறீர்கள். கோடையில் அதன் முக்கால் பங்கில் வெயில் இருக்கும். இந்த ஊரில் ஜூன் மாதச் சூரியன் வடகிழக்கில் உதித்து வடமேற்கில் மறைவதால், காலையிலும் மாலையிலும் வீட்டை ஒட்டியும் கொஞ்சம் வரும். நீங்கள் வீட்டைப் பார்க்கப் போனது ஜனவரி மூன்று மணிக்கு. அந்த நேரத்தில் எந்தத் தோட்டமும் கிணற்றுக்குள் மாதிரித்தான் இருக்கும். வடக்கு வீட்டில் ஊஞ்சலையும் மணல்தொட்டியையும் வீட்டை ஒட்டிப் போடாமல் தோட்டத்தின் கடைசியில் போடுங்கள், அவ்வளவுதான்.

ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை பதினொன்றிலிருந்து மூன்று மணிக்குள் கையும் காலும் தெரியக் கொஞ்ச நேரம் விளையாட விடுங்கள். தோல் சூடேறிக் கன்றும் வரை விடக் கூடாது. பூங்காவானாலும் போதும், சொந்தத் தோட்டம்தான் வேண்டும் என்றில்லை. அம்மா சொல்லும் இளவெயில் இதமாக இருக்கும், டி-க்கு உதவாது. நிழல் உங்களைவிட நீளமாக விழுந்தால் அந்த வெயிலில் சரக்கு இல்லை.

அப்புறம் சொட்டு மருந்து. 2016 முதல் இங்கே உள்ள பரிந்துரை தெளிவாக இருக்கிறது: ஒன்று முதல் நாலு வயது வரை ஆண்டு முழுக்க நாளைக்கு 10 மைக்ரோகிராம். வெயில் அதிகம் படாத மாநிறத் தோல்காரர்களான நமக்கும் அதே அளவு, ஆண்டு முழுக்க. மாதத்துக்குச் சில பவுண்டுதான் ஆகும். உங்கள் மகளுக்கு இப்போது இது கிடையாது, குழந்தை மருத்துவர் மறுபடி தொடங்கச் சொல்லும்போது தொடங்குங்கள். மற்றவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சில மருந்தில் ஒரு சொட்டிலேயே 400 யூனிட், சிலவற்றில் ஒரு மில்லியில் 400. கம்பெனி மாற்றும்போது லேபிளைப் படிக்காமல் பழைய அளவிலேயே ஊற்றுகிறவர்களை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

மற்றதெல்லாம் சுருக்கமாக. கண்ணாடி அறை கட்டி அதில் குழந்தையை உட்கார வைக்கலாமா? அந்தக் கதிர் கண்ணாடியைத் தாண்டாது. இணையத்தில் பார்த்த புறஊதா விளக்கு? வாங்காதீர்கள். கணவரின் முடி உதிர்வுக்குப் பழைய ஃபிளாட்டின் இருட்டு காரணமா? அவருடைய அப்பாவின் தலையைப் பாருங்கள். உங்கள் களைப்புக்கு மட்டும் நான் சிரிக்க மாட்டேன். ஜிபியிடம் இரும்புச் சத்தும் தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பிறகு இந்த இரண்டும்தான் அடிக்கடி கெடுவது. தெற்கு வாசல் வேண்டாம் என்று மாமியார் சொல்வது என் துறை இல்லை. ஆனால் தோட்டம் தெற்கே இருந்தால் வாசல் பெரும்பாலும் வடக்கே வந்துவிடும், அவர் சந்தோஷப்படுவார்.

வடக்கு வீட்டில் நான் பார்க்கச் சொல்வது ஈரம். வெயில் படாத சுவர் குளிர்ந்து, சமையல் ஆவியும் குளியல் ஆவியும் அதில் நீராகப் படிந்து, கறுப்புப் பூஞ்சை பிடிக்கும். மூச்சுக் குழாய்க்கு அது பகை. 2020-ல் ரோச்டேலில் ஓர் இரண்டு வயதுக் குழந்தை இறந்ததற்கு வீட்டுப் பூஞ்சைதான் காரணம் என்று மரண விசாரணையில் சொன்னார்கள். ஆகவே மறுபடி போகும்போது வடக்கு அறை அலமாரியைக் கொஞ்சம் நகர்த்திப் பின்சுவரைப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். ஒரு சுவரில் மட்டும் புதுப் பெயிண்ட் என்றால் ஏன் என்று கேளுங்கள். குளியலறையில் காற்றை வெளியே தள்ளும் விசிறி ஓடுகிறதா, சன்னல் திறக்கிறதா என்று பாருங்கள். சுவர் காய்ந்திருந்தால் வடக்கு வீட்டை வாங்க என் தரப்பில் தடை இல்லை. தெற்குத் தோட்டத்துக்கு அந்தக் கூடுதல் பணத்தைக் கொடுப்பதானால் துணி காயும், தக்காளி பழுக்கும், மாலையில் நாற்காலி போட்டு உட்காரலாம் என்பதற்காகக் கொடுங்கள். மகளின் எலும்புக்காக வேண்டாம்.

மீதி இருக்கும் பாட்டில்களை ஊருக்குத் திருப்பி அனுப்பவோ, வேறு யாருக்காவது கொடுக்கலாம் என்று எடுத்து வைக்கவோ வேண்டாம். மருத்துவமனையில் லேபிளைப் பார்த்து முடித்ததும் பக்கத்து மருந்துக்கடையில் கொடுங்கள், வாங்கி அழித்துவிடுவார்கள். அம்மா தனக்கென்றும் வாரம் ஒன்று குடிக்கிறாரா என்று கேட்டீர்களா? அவருக்கும் கால்சியம் பாருங்கள்.